அல்ரனேற்றரைக் கழற்றித் திருத்துவதா, மாற்று வாங்குவதா?

வணக்கம். சாவகச்சேரியில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் இருப்பது டொயோட்டா கொறோலா 121. எஞ்சின் ஓடும்போதே டாஷ்போர்ட்டில் உள்ள பற்றரி எச்சரிக்கை லைற் மங்கலாக எரிகிறது. இரவில் ஹெட்லைற்றின் வெளிச்சமும் குறைந்துவிட்டதாம். கராஜில் காட்டியபோது, அல்ரனேற்றர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பற்றரியைச் சார்ஜ் செய்யும் கருவி) போய்விட்டது, கொழும்பிலிருந்து ஒரு றீகண்டிஷன், அதாவது பழையதைச் சீராக்கி விற்பது, எடுத்துப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். காரில் இருப்பதையே கழற்றித் தானே திருத்த முடியாதா என்பது அவருடைய சந்தேகம்.

தம்பி, எந்தப் பாகம் பழுதென்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. காபன் பிறஷ் (சுழலும் சுற்றுக்கு மின்சாரம் கொடுப்பது), பேரிங், றெகுலேற்றர் (வோல்ற்றைக் கட்டுப்படுத்துவது), டயோட் தட்டு (ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது) ஆகிய நான்கும் காலப்போக்கில் போகின்றவை. நான்கையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். சுழலும் றோற்றர், அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் ஸ்ரேற்றர் என்ற இரண்டு செப்புச் சுற்றுகளும் நன்றாக இருக்குமானால், உங்கள் காரோடு வந்த அந்தச் செப்பையும் இரும்பையும் எறிந்துவிட்டு, எந்தக் காரிலிருந்து, எத்தனை ஆண்டு ஓடிய பிறகு கழற்றியதென்று தெரியாத இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சுற்று எரிந்திருந்தால் மாற்று வாங்குங்கள்.

கழற்றுவதற்கு முன்னர் காரில் வைத்தே சோதியுங்கள். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவு காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றையும் ஏசியையும் போட்டு, பற்றரி முனைகளில் மீற்றரை வைத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் உடனே அல்ரனேற்றரைக் குற்றம் சொல்லாதீர்கள். அல்ரனேற்றரின் தடித்த வயர் முனைக்கும் பற்றரியின் நேர் முனைக்கும் இடையில் மீற்றரை வைத்துப் பாருங்கள், 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பழுது வயரிலோ இணைப்பிலோ இருக்கிறது. அல்ரனேற்றரின் உடலுக்கும் பற்றரியின் எதிர் முனைக்கும் இடையிலும் இவ்வாறே பாருங்கள். பருத்தித்துறை, குருநகர், ஊர்காவற்றுறை போன்ற கரையோரங்களில் ஓடும் கார்களில் உப்புக்காற்றுப் பட்டு ஏர்த் வயரின் காது பச்சை பூத்திருப்பதைக் காண்கிறோம். அதைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கினாலே சார்ஜ் ஏறிவிட்ட கார்கள் உண்டு. அல்ரனேற்றருக்குரிய பியூஸ்களையும் தவறாமல் பாருங்கள்.

பற்றரி லைற் மங்கலாக எரிவது பெரும்பாலும் டயோட்டையோ இணைப்பொன்றில் ஏற்பட்ட தடையையோ சுட்டுகிறது. டயோட்டை அறிய, மீற்றரை ஏசி (ஆடலோட்ட) வோல்ற் அளவில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் பிடியுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் டயோட் கசிகிறது என்று கொள்ளலாம். ஆனால் மலிவான மீற்றர்கள் சில இந்த அளவில் பொய் சொல்லும். எஞ்சினை நிறுத்திய நிலையில் முதலில் பிடித்துப் பாருங்கள். அப்போதும் இருபது வோல்ற்றுக்கு மேல் காட்டுகின்ற மீற்றர் இந்தச் சோதனைக்கு உதவாது.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றி, "கார் நிற்கவில்லை, ஆகவே அல்ரனேற்றர் நல்லது" என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம்முடைய ஊர்களில் இன்னும் இருக்கிறது. மொறிஸ் மைனர், ஏ-40 காலத்து டைனமோ கார்களில் கெட்டுப்போக எலெக்ட்ரோனிக் பெட்டி எதுவும் இல்லை. இன்றைய காரில் பற்றரி விலகிய அந்தக் கணத்தில் வோல்ற் பல மடங்கு எகிறி, டயோட்டையும் றெகுலேற்றரையும், சில வேளை எஞ்சினின் கணினிப் பெட்டியையும் எரித்துவிடக்கூடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

இனிக் கழற்றுவதைப் பார்ப்போம். பற்றரியின் எதிர் முனையை முதலில் எடுத்துவிடுங்கள்; அல்ரனேற்றருக்கு வரும் தடித்த வயரில் சாவி போடாதபோதும் மின்சாரம் இருக்கிறது. இதோ இந்த மேசையில் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். பின்மூடியை எடுத்தால் றெகுலேற்றரும் பிறஷ்களைத் தாங்கும் கூடும் தெரிகின்றன. இந்த இரண்டு பிறஷ்களையும் பாருங்கள்: ஒன்று ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீண்டிருக்கிறது, மற்றது கூட்டின் விளிம்புவரை தேய்ந்து, அதன் ஸ்பிறிங் அழுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஐந்து மில்லிமீற்றருக்குக் கீழே போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசி இந்தக் கூட்டுக்குள் போய்ப் பிறஷை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. பிறஷ் உரசும் செப்பு வளையங்களில் கறுப்புப் படிந்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். விரல் நகம் தடுக்குமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அது லேத் வேலை, அல்லது வேறு றோற்றர்.

இரண்டு வளையங்களுக்கும் இடையில் ஓம் அளவு பாருங்கள். பெரும்பாலான 12 வோல்ற் அல்ரனேற்றர்களில் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் வரும். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால் சுற்று உடலில் முட்டியிருக்கிறது. ஸ்ரேற்றர் செம்பு நிறத்தில் பளபளத்தால் நல்ல அறிகுறி, கறுத்து எரிந்த மணம் வந்தால் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் கிணற்று மோட்டார் வைண்டிங் செய்யும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், பழைய வகை ஸ்ரேற்றரை அவர்களிடம் கொடுக்கலாம். தட்டையான தடித்த செப்புத் துண்டுகளை ஒட்டிச் செய்த பிந்திய வகையைச் சுற்ற முயல்வது வீண்செலவு.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லரும் அழுத்தி ஏற்றும் பிறஸ்ஸும் உள்ள கடையில் கொடுத்துப் போடுங்கள். டயோட் தட்டு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தால், சூடு நெடுநேரம் நின்றாலே புது டயோட்டும் போய்விடும். ஈயம் வைத்துப் பழகாதவர் அந்த ஒரு வேலையை மட்டும் எலெக்ட்ரிசியனிடம் கொடுக்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. செப்புச் சுற்றுகளைப் பெற்றோலிலோ தின்னரிலோ ஊற வைக்க வேண்டாம், அவற்றின் மேற்பூச்சு கெட்டுப்போகலாம்.

மாற்று வாங்கத்தான் வேண்டுமென்று முடிவானால், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லி பஸ்ஸில் பார்சலாக வரவழைப்பதைவிட, பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. பிளக்கின் முனைகள், பெல்ற் ஓடும் புல்லியின் பள்ளங்கள், போல்ற் காதுகளின் இடைவெளி, அம்பியர் அளவு ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். றீகண்டிஷன் என்று பெயின்ற் அடித்து வைத்திருப்பதில் உள்ளே எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பேரிங்கும் பிறஷும் புதிதா, பழுதான ஒன்றை மட்டும் மாற்றினார்களா என்பது முக்கியம். மேசையில் சுழற்றிக் காட்டச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். வகன் ஆர் ஹைபிரிட், பிறியஸ், அக்வா வைத்திருப்பவர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அவற்றின் அமைப்பு வேறு, வீட்டில் கைவைக்க வேண்டாம்.

திருத்தியதைப் போட்டாலும் புதியதைப் போட்டாலும், முதலில் பற்றரியை வெளியில் சார்ஜரில் முழுமையாக ஏற்றிவிடுங்கள். வெறுமையான பற்றரியை நிரப்பும் சுமையை முதல் நாளே அல்ரனேற்றரில் போட்டால் அது மணிக்கணக்காக முழு அளவில் ஓடிச் சூடேறுகிறது. டயோட்டுகள் போவதற்கு அந்தச் சூடு ஒரு முக்கிய காரணம். பிறகு ஏ-9 வீதியில் கிளிநொச்சிவரை ஓடித் திரும்பி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே மீண்டும் அளந்து பாருங்கள். குளிர்ந்த நிலையில் காட்டியதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. 13 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால், பெல்ற் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள் தம்பி.