மனநலத்திற்கும் போதை மீட்புக்கும் வேலியிட்ட நிதி

(மனநலச் சேவைகளுக்கான அரசு நிதி குறித்த கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மனநல மருத்துவப் பேராசிரியர் அம்மையார் அவர்களே, நிதித்துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் முன்னாள் செயலர் அவர்களே, செவிலியர்களே, ஆற்றுப்படுத்துநர்களே, குடியிலிருந்து மீண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவர்களைவிட அதிகம் தாங்கிக்கொண்ட அவர்களுடைய குடும்பத்தாரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேராசிரியர் அம்மையார் இருக்கும் அவையில் மனநோயைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. எனக்கு முன் பேசிய இளம் மருத்துவர்கள் இருவரும் அவரிடம் பயின்றவர்கள் என்பதை அவர்களே பெருமையோடு சொன்னார்கள். முன்னாள் செயலர் ஐயா அவர்களோ, நான் இப்போது சொல்லப்போகும் குறைகளில் பாதியைப் பதவியில் இருந்தபோதே கோப்புகளில் எழுதியவர். நான் கணக்குத் தணிக்கையாளன். மருத்துவமனைகளின் வரவு செலவுப் பேரேடுகளைப் புரட்டுவதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஆகவே மூன்று செய்திகளை மட்டும் உங்கள் முன் வைக்க எண்ணியுள்ளேன்: அரசுகள் மனநலத்திற்கும் போதை மீட்புக்கும் எவ்வளவு செலவிடுகின்றன, அந்தப் பணம் எங்கே தங்கிவிடுகிறது, சிகிச்சை தரும் பணியாளர்களை எவ்வாறு உருவாக்குவது. இவற்றின் வழியே நான் வந்து சேரும் கோரிக்கை, வேறு எதற்கும் திருப்பிவிட முடியாதபடி இந்தச் சேவைகளுக்கென்றே வேலியிட்ட நிதி.

முதலில் அளவு. உலக அரசுகளின் நலவாழ்வுச் செலவில் மனநலத்திற்குப் போகும் பங்கை உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து கணக்கிட்டு வருகிறது. 2025 செப்டம்பரில் அது வெளியிட்ட கணக்கின்படி அந்தப் பங்கின் இடைநிலை அளவு, அதாவது நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, 2 விழுக்காடு. 2017இலிருந்து அது அசையவே இல்லை. செல்வ நாடுகள் தலைக்கு 65 டாலர் வரை செலவிடும்போது, மிக ஏழை நாடுகளில் அந்தத் தொகை 4 சென்ட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மறுபக்கத்தில், மனநலக் குறைபாட்டோடு வாழ்வோர் உலகில் 100 கோடிக்கு மேல். 2021ஆம் ஆண்டில் மட்டும் தற்கொலையால் இறந்தவர்கள் 7,27,000 பேர். மது தொடர்பான இறப்புகள் 2019இல் 26 இலட்சம். போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்களில் 11 பேருக்கு ஒருவர்தான் சிகிச்சை பெறுகிறார் என்று ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் 2024இல் அறிவித்தது. மற்ற பத்துப் பேரும் எங்கே இருக்கிறார்கள் என்பதை இந்த முன்வரிசையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

என் ஆசிரியர் ஒருவர், வரவு செலவுத் திட்டத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு பழமொழியைச் சொல்வார்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒதுக்கீடு என்பது ஏட்டில் வரைந்த சுரைக்காய்; செலவுச் சீட்டுதான் கறி. நாற்பது ஆண்டுகளாக நான் தணிக்கை செய்த ஒவ்வொரு கணக்கிலும் அந்தப் பழமொழியை மனத்தில் வைத்தே பக்கம் புரட்டியிருக்கிறேன். இன்று உங்களிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சற்று நீளமானது, அவைத்தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு போதை மீட்பு மையத்தில் தணிக்கைக்காக ஒரு வாரம் இருந்தேன். மையத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்த மருத்துவரும் செவிலியர்களும் தங்களால் இயன்றதற்கு மேல் உழைத்தவர்கள். எனக்கு மேசை போட்டுக் கொடுத்த இடம் புறநோயாளிப் பிரிவை ஒட்டிய ஒரு தடுப்பறை. முதல் நாள் காலையில், மையம் திறப்பதற்கு முன்பே, கடைசல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் தம் அக்காவோடு வந்து வாசலில் நின்றார். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. விரல்கள் நடுங்கின, படிவத்தில் பெயரெழுத முடியாமல் அக்காவிடம் பேனாவைக் கொடுத்தார். யாரும் இழுத்து வரவில்லை, தாமாகவே வந்தார். "இன்றோடு விட்டுவிடுகிறேன்" என்று அவர் சொன்னது தடுப்புக்கு அப்பால் இருந்த என் காதில் விழுந்தது.

மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரை உள்நோயாளியாகச் சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் குடியை நிறுத்தி நச்சு நீக்க வேண்டும். ஆனால் அங்கிருந்த இருபது படுக்கைகளில் எட்டு மட்டுமே இயங்கின. மீதிப் பன்னிரண்டும் விரிப்பு மடிக்கப்பட்டுச் சுவரோரம் கிடந்தன. இரவுப் பணிச் செவிலியர்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் பணம் வரவில்லை. காத்திருப்போர் ஏட்டைப் பார்த்துவிட்டு, பத்தொன்பது நாள் கழித்து வரும்படி சொன்னார்கள். அதுவரை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு, திடீரென நிறுத்த வேண்டாம், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். மருத்துவ முறைப்படி அதுவே சரியான அறிவுரை.

அந்த அக்கா சத்தம் போடவில்லை. "குடிக்காதேடா, குடிக்காதேடான்னு பன்னிரண்டு வருஷமா இவன் கால்ல விழுந்தேன். இன்னைக்கு விட்டுடுறேன்னு தானா வந்து நிக்கிறான். நீங்க இன்னும் பத்தொன்பது நாள் குடிச்சுட்டு வான்னு சொல்றீங்களேய்யா" என்றார். அதற்கு அந்த அறையில் இருந்த எவரிடமும் விடை இல்லை. விடை என் மேசைமேல் இருந்த கோப்பில் இருந்தது. அந்த ஆண்டுக்கான தொகை முழுவதும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது. முந்தைய தவணைப் பணம் உரிய வகையில் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் பழைய படிவத்தில் அனுப்பப்பட்டதால், அடுத்த தவணை ஐந்து மாதமாக ஒரு அலுவலக மேசையில் உறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டு முடிந்ததும் செலவாகாத தொகை கருவூலத்திற்கே திரும்பியது. அடுத்த ஆண்டு, "முழுத் தொகையும் செலவிடப்படவில்லை" என்ற காரணத்தைக் காட்டி ஒதுக்கீட்டையே குறைத்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதது மட்டுமன்று, அடுத்த ஆண்டு ஏட்டிலும் சிறுத்துப் போயிற்று.

பத்தொன்பதாம் நாள் அக்கா மட்டும் வந்தாராம். தம்பி வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். துணிவு என்பது குடிநோயாளிக்குச் சில காலைப்பொழுதுகளில்தான் வாய்க்கிறது. மறு தணிக்கைக்கு நான் போனபோது அவர் உள்நோயாளியாக இருந்தார். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. கடைசல் எந்திரத்தில் போய்விட்டன. சிகிச்சை முடிந்து அவர் மீண்டார். இன்றுவரை குடிக்கவில்லை. ஆனால் கடைசல் வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

தணிக்கையாளன் என்ற முறையில் நான் அந்த விரல்களின் கணக்கைத் தேடிப் போனேன். அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் இருந்த நாட்கள், இழப்பீடு, வேலையிழந்த மாதங்கள் என்று கூட்டிப் பார்த்தால், அன்று அவருக்கு மறுக்கப்பட்ட பத்து நாள் படுக்கைச் செலவைப் போல் பல மடங்கு ஆயிற்று. அதில் ஒரு காசுகூட போதை மீட்பு என்னும் கணக்குத் தலைப்பில் ஏறவில்லை. கொஞ்சம் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைப்பில், கொஞ்சம் தொழிலாளர் நலத்துறையின் தலைப்பில், மிச்சம் அந்த அக்காவின் தலையில். நாம் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ளும் பணம் மிச்சமாவதே இல்லை. அது விபத்துப் பிரிவிலும் சிறையிலும் காவல் நிலையத்திலும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் வாழ்விலும் வேறு பெயரில் செலவாகிக்கொண்டே இருக்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் சிகிச்சை தர முதலிடும் ஒவ்வொரு டாலரும் நலத்திலும் உழைப்புத் திறனிலும் 4 டாலராகத் திரும்புகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையில் நடந்த ஆய்வு 2016இல் கூறியது. அந்த ஆய்வு வருமுன்பே இரண்டு விரல்கள் எனக்கு அதைச் சொல்லியிருந்தன.

இனி, பணம் எங்கே தங்கிவிடுகிறது என்னும் இரண்டாம் செய்தி. இதற்கு வரலாற்றில் பெரிய சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1955இல் அந்நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை விடுவித்து, ஊரருகே சமூக மனநல மையங்களில் சிகிச்சை தருவதற்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் கென்னடி 1963 அக்டோபர் 31 அன்று கையெழுத்திட்டார். மூன்றே வாரத்தில் அவர் கொல்லப்பட்டார். மருத்துவமனைகள் காலியாயின, ஆனால் திட்டமிட்ட மையங்களில் பல கட்டப்படவே இல்லை. கட்டியவற்றுக்கும் நடத்துவதற்கான நிலையான பணம் இல்லை. 1981இல் நடுவண் அரசு தன் நேரடிப் பொறுப்பை மாநிலங்களுக்கு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியமாக மாற்றிக் குறைத்துக்கொண்டது. வார்டிலிருந்து வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல சட்டம், நல்ல நோக்கம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மருத்துவர் பிராங்கோ பசாலியா 1971இல் அங்கு பொறுப்பேற்று, மனநல மருத்துவமனையைப் படிப்படியாக மூடிய அதே வேளையில், அங்கிருந்த பணியாளர்களையும் பணத்தையும் நகரின் பகுதிகளில் திறந்த மையங்களுக்கு மாற்றினார். நோயாளி வெளியே வந்தபோது அவருக்கான பணமும் கூடவே வெளியே வந்தது. மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூட 1978இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தபோது, சட்டத்தின் பின்னே பணம் போன பகுதிகளில் அது வேர்விட்டது. போகாத பகுதிகளில் குடும்பங்கள் சுமந்தன.

ஆகவேதான் எங்கள் இயக்கம் மூன்றாண்டுகளாக ஒரே கோரிக்கையோடு ஊர் ஊராகப் போகிறது. அரசு மது விற்பனையிலிருந்து பெறும் வரியில் ஒரு குறிப்பிட்ட பங்கு, சட்டத்தின் வழியே, மனநலச் சிகிச்சைக்கும் போதை மீட்புக்கும் மட்டும் என்று வேலியிடப்பட வேண்டும். ஆண்டு முடிந்தால் காலாவதியாகாத நிதியாக அது இருக்க வேண்டும். மையத்தின் கையில் எப்போதும் ஆறு மாதச் சம்பளமாவது முன்பணமாக இருக்க வேண்டும்.

இது நடவாத கற்பனை என்று சொல்வோருக்குச் சில சான்றுகள். தாய்லாந்து 2001இல் மது, புகையிலை வரிகளின்மேல் 2 விழுக்காடு கூடுதல் தீர்வை விதித்து, அதை நேரே ஒரு நலவாழ்வு நிதியத்திற்குத் தந்தது. அது சிகிச்சைக்கானதன்று, நோய்த்தடுப்புக்கானது என்றாலும், வழி அதுவே. கலிபோர்னிய மக்கள் 2004இல் வாக்களித்து, ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்தின்மீது 1 விழுக்காடு வரியை மனநலத்திற்கென்றே ஏற்படுத்தினார்கள். 2024இல் அதே நிதியைப் போதை சிகிச்சைக்கும் விரித்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், தன் மனநல அமைப்பு உடைந்துவிட்டது என்று விசாரணை ஆணையம் கூறிய பின், 2022 தொடக்கத்திலிருந்து பெரிய நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்மீது மனநலத் தீர்வை விதித்து வருகிறது.

முன்னாள் செயலர் ஐயா அவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் இரண்டு ஐயங்களை எழுப்பினார்கள். அவை நேர்மையான ஐயங்கள். விழுங்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தனி நிதி வந்தவுடன், நிதித்துறை பொது ஒதுக்கீட்டைக் குறைத்துவிடும். வலக்கை கொடுத்ததை இடக்கை எடுத்துக்கொள்ளும் என்பது முதலாவது. உண்மை. அதனால்தான், இன்றுள்ள ஒதுக்கீடு அடித்தளமாகச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், வேலியிட்ட நிதி அதற்கு மேல்தான் என்கிறோம். குடிப்பவர் பணத்தில் சிகிச்சை நடந்தால், விற்பனை குறையக்கூடாது என்று அரசு விரும்பத் தொடங்கிவிடாதா என்பது இரண்டாவது. ஐயா, அந்த வருவாயை அரசு இன்றும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விற்பனை கூடினால்தான் வருவாய் என்றில்லை. வரி விகிதத்தை உயர்த்தினால் விலை ஏறும், குடிப்பதன் அளவு குறையும், அப்போதும் வரி வருவாய் ஒரேயடியாகச் சரிவதில்லை. குடி குறைந்து ஒருநாள் நிதி வற்றுமானால், அந்த நாளில் நோயாளிகளும் குறைந்திருப்பார்கள். அதுவரை தேவைப்படும் படுக்கைகள் விரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பணியாளர்களைப் பற்றி மூன்றாம் செய்தியாகச் சொல்வதாகத் தொடக்கத்தில் அறிவித்தேன். அவைத்தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு ஆற்றுப்படுத்துநரை வைத்துக்கொண்டு இரண்டாண்டு பின்தொடர் கவனிப்பு தர முடியாது என்பதை மட்டும் சொல்லி, மீதியைப் பேராசிரியர் அம்மையாரிடமே விட்டுவிடுகிறேன்.

எங்கள் கோரிக்கை மனு வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது. அதில் நான் சொன்ன அடித்தள ஒதுக்கீடும், மது வரிப் பங்கும், காலாவதியாகாத நிதியும், ஆறு மாத முன்பணமும் நான்கு பத்திகளில் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் கையெழுத்தை அந்த அக்கா ஏற்கெனவே இட்டுவிட்டார்; அவருக்குக் கீழே, இடக்கையால் எழுதப் பழகிக்கொண்ட அவருடைய தம்பியின் கையெழுத்தும் இருக்கிறது. மூன்றாவது கையெழுத்தை அவைத்தலைவர் அவர்கள் இட வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன். வணக்கம்.