சாராளின் சிரிப்பு

அவையோருக்கு வணக்கம். 1637ஆம் ஆண்டில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கிய ஒரேயொரு செப்புத்தகட்டு அச்சுப்படத்தைப் பற்றி மட்டுமே இன்று பேசுகிறேன். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலம் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களில் மையேற்றித் தாளில் ஒற்றியெடுத்த படம் அது; உயரம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர்தான்.

ஆபிரகாமின் மனைவி சாராளுடைய அடிமைப்பெண் ஆகாரும், அவள் ஆபிரகாமுக்குப் பெற்ற மகன் இஸ்மவேலும் வீட்டைவிட்டு அனுப்பப்படும் காட்சி அதில் இருக்கிறது. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 21ஆம் அதிகாரம் இதை மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது: ஆபிரகாம் அதிகாலையில் எழுந்தான், அப்பத்தையும் ஒரு துருத்தி தண்ணீரையும் ஆகாரின் தோளில் வைத்தான், அனுப்பிவிட்டான். ரெம்பிராண்டின் ஆசிரியர் பீட்டர் லாஸ்ட்மானும் 1612இல் இதே காட்சியை வண்ணத்தில் தீட்டியிருந்தார் என்பதால், மாணவருக்குக் கதை புதிதல்ல. ஆனால் அவர் ஆபிரகாமை நிறுத்திய இடம் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. ஒரு கால் வாசற்படியில், மற்றொன்று தரையில், இரு கைகளும் இரு பக்கமாக விரிந்திருக்க, வீட்டுக்கும் வெளிக்கும் நடுவே அவர் நிற்கிறார். அந்தக் காரியம் ஆபிரகாமுக்கு மிகவும் துக்கமாயிருந்தது என்று வேதம் சொல்வதை, முகத்தைவிட அந்த நிலையே கூடுதலாகக் காட்டுகிறது.

ஆகார் துணியால் கண்ணீரைத் துடைக்கிறாள். சாளரத்தில் சாய்ந்திருக்கும் சாராளோ சிரிக்கிறாள். அவள் அப்போது சிரித்ததாக வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஓவியர் மிகைப்படுத்திவிட்டார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த அதிகாரமே சிரிப்பின்மேல் கட்டப்பட்டது. சாராள் பெற்ற மகனின் பெயரான ஈசாக்கு எபிரெயத்தில் சிரிப்பைக் குறிப்பது. "தேவன் என்னை நகைக்கப்பண்ணினார்" என்று சாராள் மகிழ்ந்ததும் அங்கேதான். தமிழ் வேதாகமம் இஸ்மவேல் "பரியாசம்பண்ணினான்" என்று பெயர்க்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் இருப்பதும் அதே வேர்ச்சொல்தான். பிள்ளையின் சிரிப்பைப் பொறுக்காமல் அவனைத் துரத்தச் சொன்னவளின் உதட்டிலேயே அதை ஓவியர் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இனிப் பிள்ளைகள். இஸ்மவேல் நமக்கு முதுகைக் காட்டி நடக்கிறான். அவன் முகம் தெரிவதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சிறுவன் ஈசாக்கு எட்டிப்பார்க்கிறான். இதற்குப் பிறகு இவ்விருவரையும் வேதம் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுவது, மக்பேலா குகையில் தகப்பனை அடக்கம்பண்ணும்போதுதான்.