கடல்ல கட்டுறதுக்கு முன்னாடி: தரை சர்வேயும் நீரோட்ட மாடலும்

வணக்கம். ஸ்கிரீன்ல இருக்கிற படத்தைப் பாருங்க. அலைத்தடுப்புச் சுவர் கட்டினா நீரோட்டம் எப்படி மாறும்னு ஒரு கம்ப்யூட்டர் மாடல் போட்டுக் கொடுத்தது. நீலம், மஞ்சள், சிவப்பு, நடுவுல அம்புக்குறிகள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில எல்லாரும் முதல்ல பார்க்கிறது இதைத்தான். ஆனா இந்தப் படத்தை நம்பலாமா கூடாதாங்கிறது பெரும்பாலும் சர்வே போட்லயே முடிவாயிடுது. அதனால அங்கேருந்து ஆரம்பிக்கிறேன்.

கடல் தரையை அளக்குறது மல்டிபீம் எக்கோ சவுண்டர், அதாவது பல கோணத்துல ஒலிக்கற்றைகளை (பீம்) அனுப்பி, எதிரொலியை வச்சு ஆழத்தைக் கணக்கிடுற கருவி. ஒரே ஓட்டத்துல ஆழத்தைப் போல மூணு நாலு மடங்கு அகலத்துக்கு அளந்துடும். 20 மீட்டர் ஆழம்னா 60லேருந்து 80 மீட்டர் பட்டை. வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி பேட்ச் டெஸ்ட் கட்டாயம். கருவி போட்ல எந்தக் கோணத்துல உட்கார்ந்திருக்குன்னு கண்டுபிடிக்கிற சோதனை அது. இதுல ரோல் கோணம், அதாவது இடது வலதா சாயுற கோணம்தான் ரொம்ப முக்கியம். சமதரை இருக்கிற இடமாப் பார்த்து, ஒரே லைன்ல, ஒரே வேகத்துல, போகும்போது ஒண்ணு, திரும்பி வரும்போது ஒண்ணுன்னு ஓட்டணும். ரெண்டையும் குறுக்குவெட்டுல ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. ரோல் தப்பா இருந்தா ரெண்டு கோடும் நடுவுல வெட்டிக்கிட்டு பெருக்கல் குறி மாதிரி நிக்கும். கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா ரெண்டும் ஒண்ணா படிஞ்சிடும்.

வெறும் 0.5 டிகிரி தப்பை விட்டுட்டா என்ன ஆகும்? 20 மீட்டர் ஆழத்துல, 60 டிகிரி சாய்ஞ்சு போற பீம் பக்கவாட்டுல 35 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். அங்க ஆழம் 30 சென்டிமீட்டர் தப்பும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். இது ஒவ்வொரு லைன்லயும் திரும்பத் திரும்ப வரும். மாடலுக்கு இது சர்வே பிழைன்னு தெரியாது, மணல் திட்டுன்னு எடுத்துக்கும்.

அடுத்தது ஒலி வேகம். கடல்நீர்ல ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும். வெப்பம் 1 டிகிரி கூடினாலே ஏறக்குறைய 3 மீட்டர் ஏறும். உப்பும் அதை மாத்தும். ஆத்து முகத்துவாரத்துல நன்னீர் மேல, உப்புநீர் கீழன்னு அடுக்கு இருக்கும், அதுவும் ஓதத்தோட, அதாவது கடல் ஏத்தவத்தத்தோட நகர்ந்துக்கிட்டே இருக்கும். காலையில ஒரு தடவை ஒலிவேக புரொபைல் (மேலேருந்து அடி வரைக்கும் ஒலி வேகத்தோட அளவு) எடுத்துட்டு நாள் முழுக்க ஓட்டினா, பட்டையோட ரெண்டு ஓரமும் மேல சுருண்டுக்கும், இல்லன்னா கீழ தொங்கும். ஓரத்துல அப்படி வளைவு தெரிஞ்ச உடனே நிறுத்திட்டு புது புரொபைல் போடுங்க. கரைக்கு வந்து சரிபண்ணிக்கலாம்னு விடாதீங்க.

இப்ப, அதிகமா நடக்கிற, ஆனா யாரும் கவனிக்காத தப்புக்கு வர்றேன். ஆழத்தை எந்த மட்டத்துலேருந்து எண்ணுறோமோ அதுதான் டேட்டம். சர்வே ஆழம் சார்ட் டேட்டத்துல இருக்கும், அதாவது ஏறக்குறைய மிகத் தாழ்ந்த ஓத மட்டத்துலேருந்து கீழ. மாடலோ பொதுவா சராசரி கடல்மட்டத்துல ஓடும். ரெண்டுக்கும் நடுவுல 1 மீட்டர் வித்தியாசம்னு வைங்க. அதை மாத்தாம அப்படியே உள்ளே போட்டா, 5 மீட்டர் ஆழமுள்ள இடம் மாடல்ல 4 மீட்டர் ஆயிடும். தண்ணி போற வழியில அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போச்சு. அதுக்கப்புறம் வர்ற நீரோட்ட வேகம் எதுவுமே சரியா இருக்காது. எந்த டேட்டம்னு கோப்பு பேர்லயே எழுதி வைங்க.

மாடலுக்கு டெல்ஃப்ட்3டி, டெலிமேக், மைக் 21, அலைக்கு ஸ்வான், இப்படி நிறைய இருக்கு. எதை எடுத்தாலும் மெஷ் வேலை, அதாவது கடலைச் சின்னச் சின்னக் கட்டமா (செல்) பிரிக்கிற வேலை ஒண்ணுதான். எல்லையைக் கட்டுமானத்தோட பாதிப்பு எட்டாத தூரத்துல வைக்கணும். கட்டுமானத்துக்கிட்ட செல்லைப் பொடியாக்கணும். ஆனா ஒரு கணக்கு மறந்துடாதீங்க: எக்ஸ்ப்ளிசிட் முறையில, அதாவது இப்போதைய நிலையை மட்டும் வச்சு அடுத்த நிலையைக் கணக்கிடுற மாடல்ல, 20 மீட்டர் ஆழத்துல அலை நொடிக்கு 14 மீட்டர் போகும். மாடல் ஒவ்வொரு தடவையும் முன்னேறுற நேரம்தான் டைம்ஸ்டெப், அதுக்குள்ள அலை ஒரு செல்லைத் தாண்டக் கூடாது. அதனால செல் 20 மீட்டர்னா டைம்ஸ்டெப் 1.4 நொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினா எண்கள் வெடிச்சு மாடல் நின்னுடும். 1 மீட்டர் தூண்கள் மேல நிக்கிற பாலத்தை 20 மீட்டர் செல்லுக்குள்ள வரைய முடியாது. அதைக் கூடுதல் இழுவிசையாத்தான் கொடுக்கணும். தூண் அடியில மணல் அரிக்கிறதை இந்த மாடல்ல தேடாதீங்க, அது தனிக் கணக்கு. மணல் தரையில, நீரோட்டத்துல, ஒத்தைத் தூணுக்குச் சராசரியா விட்டத்தைப் போல 1.3 மடங்கு ஆழம் அரிக்கும்.

நீரோட்டத்தை அளக்க ஏடிசிபியை (ஒலியை வச்சு ஒவ்வொரு ஆழத்துலயும் நீரோட்ட வேகத்தை அளக்கிற கருவி) கடல் அடியில வச்சு குறைஞ்சது 15 நாள் விடணும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருசா இருக்கும், அரைநிலாவுல சின்னதா இருக்கும். ரெண்டும் பதிவாகணும். ஒரு மாசம் வச்சா இன்னும் நல்லது. பாதி டேட்டாவை வச்சு மாடலைச் சரிபண்ணுங்க, மீதியைத் தொடாம வச்சிருந்து சோதிச்சுப் பாருங்க. நீர்மட்டம் பொருந்திடுச்சுன்னு அதோட நிறுத்திடக் கூடாது. நீர்மட்டம் சுலபமாப் பொருந்தும், வேகமும் திசையும்தான் கஷ்டம். மணல் நகர்றது வேகத்தோட மூணுலேருந்து அஞ்சாவது அடுக்கு வரைக்கும் ஏறும். வேகத்துல 10 சதவீதம் கூடிட்டா, மணல் கணக்கு 33லேருந்து 61 சதவீதம் வரைக்கும் கூடிடும்.

தூர்வாரும்போது கிளம்புற கலங்கலுக்கு வருவோம். இங்க துகள் அளவுதான் எல்லாமே. 0.1 மில்லிமீட்டர் மணல் நொடிக்கு சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும், 10 மீட்டர் ஆழத்துல சுமார் 21 நிமிஷத்துல தரையைத் தொட்டுடும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் அதே ஆழம் இறங்க 30 மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் ஓதத்தோட அலைஞ்சுக்கிட்டே இருக்கும். அதைவிட நுண்ணிய களிமண் உப்புநீர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரண்டு, தனித்துகளைவிட வேகமா இறங்கும். அதனால தரை மண்ணைக் கிராப்னு சொல்ற அள்ளியால அள்ளி மாதிரி எடுத்து, சல்லடையோட நிறுத்தாம, நுண்துகள் அளவையும் பார்க்கணும். கலங்கல் அளக்கிற சென்சாரை அந்த இடத்துத் தண்ணியையே வடிகட்டி எடைபோட்டு ஒப்பிடணும். வேற இடத்துச் சூத்திரம் ஒத்து வராது.

இதெல்லாம் சரியாச் செஞ்சா மாடல் கட்டுமானத்தையே மாத்த வைக்கும். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கிற, 2000-ல திறந்த ஓரெசுண்ட் இணைப்பே (பாலமும் சுரங்கமும் சேர்ந்தது) சாட்சி. பால்டிக் கடலுக்குள்ள போற தண்ணியை அது துளியும் தடுக்கக் கூடாதுன்னு நிபந்தனை. மாடலை வச்சு வடிவமைப்பைத் திருத்தி, மிச்சமிருந்த தடையை ஈடுகட்ட வேற இடத்துல தரையைத் தோண்டினாங்க. தோண்டுற மண்ணுல சராசரியா 5 சதவீதத்துக்கு மேல தண்ணியில சிந்தக் கூடாதுன்னும் வரம்பு இருந்துச்சு.

கட்டி முடிச்சதும் மறு சர்வே எடுத்து, முன்னாடி இருந்ததைக் கழிச்சுப் பார்ப்போம். சர்வதேச நீர்ப்பரப்பு அளவை அமைப்பான ஐஎச்ஓவோட எஸ்-44 தர விதியில, ஸ்பெஷல் ஆர்டர்ங்கிற கடுமையான தரத்துல 20 மீட்டர் ஆழத்துக்கு அனுமதிச்ச பிழை 29 சென்டிமீட்டர். ரெண்டு சர்வேயைக் கழிக்கும்போது ரெண்டு பிழையும் சேர்ந்து (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா) அது 41 ஆயிடும். அதனால ஒரு புள்ளியில 20 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தா, அதை அரிப்புன்னும் எழுதாதீங்க, பாதிப்பே இல்லன்னும் எழுதாதீங்க. அதே கருவி, அதே லைன், அதே டேட்டத்துல இன்னொரு தடவை அளங்க.