ஜிம்னியை உயர்த்தினோம்: ரம்பொடை வளைவுகளில் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது

வணக்கம் உறவுகளே. நேற்று மாலை லபுக்கலையிலிருந்து ரம்பொடை வரை இறங்கி வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு முடியும்போதும் ஸ்டியரிங் என் கையை விட்டுத் தானாகவே நேருக்குத் திரும்பியது. அதைச் சொல்லத்தான் இந்தக் காணொளி. இரண்டு மாதங்களாக நான் பட்ட பாட்டைத் தொடர்ந்து பார்த்து வந்த உங்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு புரியும்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னுடையது 2008ஆம் ஆண்டு சுசுகி ஜிம்னி என்ற சின்ன 4x4 ஜீப், 1,328 சிசி பெட்ரோல் எஞ்சின். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இருப்பதை நன்றாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவன் நான்; 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும் அந்த முடிவை மாற்றவில்லை. எங்கள் தோட்டப் பாதையில் மழைக்குப் பிறகு கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றில் டிஃப்பரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் எக்ஸலின் நடுவில் இருக்கும் கியர்க் கூடு) அடிபடும் சத்தத்தைப் பழைய காணொளிகளில் கேட்டிருப்பீர்கள்.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் விடயம் ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃப்பரென்ஷியல் ஓர் அங்குலம்கூட மேலே போகாது, ஏனெனில் அது எக்ஸலோடு சேர்ந்தே இருக்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். கம்பனி கொடுத்த 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மில்லிமீற்றர், நான் போட்ட 235/75 ஆர் 15 டயருக்கு ஏறக்குறைய 733. விட்டத்தின் வித்தியாசத்தில் பாதி, அதாவது 33 மில்லிமீற்றர், டிஃப்பரென்ஷியலுக்கு அடியில் கிடைக்கிறது. அந்த டயர் மட்காட்டிலும் பம்பரிலும் உரசாமல் சுழல இடம் வேண்டும் என்பதற்காகத்தான் வண்டியை உயர்த்துகிறோம். ஆகவே முதலில் டயரை முடிவு செய்யுங்கள், பிறகு அதற்குத் தேவையான அளவு மட்டும் உயர்த்துங்கள்.

செசி என்ற அடிச்சட்டத்துக்கும் பொடிக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்தும் முறையை நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். எக்ஸலின் கோணங்கள் எதுவும் மாறாது என்பது அதன் நல்ல குணம், அதை மறுக்கவில்லை. ஆனால் நுவரெலியா பனியில் பதினைந்து வருடங்களுக்கு மேல் நின்ற வண்டியின் பொடி போல்ட்டுகளைச் சுற்றித் துருப்பிடித்திருக்கும்போது, அந்த இடத்திலேயே உயரமான கட்டைகளைக் கொடுத்து முழுப் பாரத்தையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசரை முதலில் போட்டுப் பார்த்தேன். மலிவுதான், ஆனால் பழைய ஷொக் அப்சோபரின் நீளம் அப்படியே இருப்பதால், கானைத் தாண்டும்போது சக்கரம் கீழே தொங்கிய உடனேயே ஷொக் முழுவதும் இழுபட்டு ‘டக்’ என்று அடித்தது. எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. கடைசியில் 50 மில்லிமீற்றர் உயரமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமான ஷொக்கும் போட்டோம்.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. வண்டி உயரும்போது முன் எக்ஸலைப் பிடித்திருக்கும் கைகள் சாய்கின்றன, அவற்றோடு எக்ஸலும் சற்றுச் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைகிறது. அது குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. இதைச் சரிசெய்யத் துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ்கள் (அந்தக் கைகள் எக்ஸலோடு சேரும் இடத்து வளையங்கள்) நான்கை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொரு பக்கமும் எக்ஸலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வரும். முன் புஷ்ஷில் துளை ஒரு திசைக்கும் பின் புஷ்ஷில் அதற்கு எதிர்த்திசைக்கும் இருந்தால்தான் எக்ஸல் சுழலும். நான் கொடுத்த லேத் பட்டறையில் நான்கையும் ஒரே திசையில் அழுத்திவிட்டார்கள்! எக்ஸல் கொஞ்சம் நகர்ந்ததே தவிரக் கோணம் மாறவே இல்லை. துளை எந்தப் பக்கம் என்று காட்ட புஷ்ஷின் இரும்பு வளையத்தில் ஒரு சிறிய வெட்டு அடையாளம் இருக்கிறது, அதைப் பார்த்தாலே போதும். அழுத்தும் கூலி 3,500 ரூபாய், கழற்றி மீண்டும் அழுத்த இன்னொரு 3,500. அந்த இரண்டாவது 3,500 எனக்கு இன்னும் வலிக்கிறது. இரண்டாவது முறை வேறு பட்டறைக்குப் போய், நானே வெள்ளைப் பெயின்டால் ஒவ்வொரு அடையாளத்தின் மேலும் கோடு போட்டு, பாஸ் அழுத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

சொல்ல மறந்துவிட்டேன், ஸ்பிரிங் போட்ட அன்றே பிரேக் ஹோஸ்களையும் பாருங்கள். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டபோது என் முன் ஹோஸ் கம்பி போல விறைத்து நின்றது, அதனால் நீளமான ஹோஸாக மாற்றினோம். டயர் பெரிதானதால் ஸ்பீடோமீற்றர் 50 காட்டும்போது இப்போது உண்மையான வேகம் 55. நானுஓயா ஏற்றத்தில் முன்பு நான்காவது கியரில் ஏறிய இடங்களில் மூன்றாவது கேட்கிறது. அதை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. மட்காட்டின் இரு ஓரங்களிலும் நூல் கட்டித் தொங்கவிட்டு அளந்தபோது பின் எக்ஸல் ஒரு பக்கமாக 8 மில்லிமீற்றர் தள்ளி நிற்பது தெரிந்தது. எக்ஸல் பக்கவாட்டில் நகராமல் செசியோடு பிடித்திருக்கும், நீளம் மாறாத பென்ஹார்ட் ரொட் என்ற கம்பிதான் காரணம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ரொட் அடுத்த வாரம் வருகிறது, அதே நூலை அதே இடத்தில் கட்டி மீண்டும் அளந்து காட்டுகிறேன்.