மணி அடிக்கக் காத்திருந்த துறவி: அவிலா தெரசா சொல்லித் தந்த செபம்

[திரையில்: அவிலா நகரின் கல் மதில்]

வணக்கம். தெரசா என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கொல்கத்தா அன்னை தெரசா. அவர் தன் பெயரை பிரான்சின் லிசியே நகர் குழந்தை தெரசாவிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்தக் குழந்தை தெரசா சேர்ந்த கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் கிளையைத் தொடங்கியவர்தான் இன்று நாம் பார்க்கப்போகும் மூன்றாவது தெரசா, ஸ்பெயினின் அவிலா நகரைச் சேர்ந்தவர்.

காட்சிகள், பரவசங்கள் என்று இவரைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. செபத்தில் அமர்ந்தால் மணி எப்போது அடிக்கும், எப்போது எழுந்து போகலாம் என்பதிலேயே பல ஆண்டுகள் தன் கவனம் இருந்ததாக இவரே எழுதி வைத்திருக்கிறார். செபத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னவர் இப்படி எழுதுகிறார்!

தெரசா பிறந்தது 1515 மார்ச் 28-ல். தந்தைவழித் தாத்தா யூதராக இருந்து கிறிஸ்தவரானவர். மறைவாகப் பழைய சமயத்துக்குத் திரும்பினார் என்று தொலேதோ நகரில் சமய விசாரணை மன்றம், அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறானவர்களைத் தேடித் தண்டித்த மன்றம், அவரைத் தண்டித்திருந்தது. இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

20 வயதில் அவிலாவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோய். 1539-ல் ஏறக்குறைய நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மடத்தில் குழியே வெட்டிவிட்டார்கள். பிழைத்தார். ஆனால் உடல் பழையபடி அசைய மூன்று ஆண்டுகள் ஆயின. அப்புறம் மடத்தின் பார்வையாளர் அறை, விருந்தினர்களோடு அரட்டை. நல்ல பேச்சுக்காரர், ஊரே தேடி வந்தது. ஒரு கட்டத்தில், 'இப்படி வாழ்கிற எனக்குச் செபிக்க என்ன தகுதி?' என்று தனிச் செபத்தையே ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டார். தாழ்ச்சி என்ற வேடத்தில் வந்த சோதனை அது என்று பின்னாளில் எழுதினார். 1554-ல், 39 வயதில், காயப்பட்ட கிறிஸ்துவின் சொரூபம் ஒன்றைப் பார்த்துக் கதறி அழுதார். திருப்பம் அங்கேதான் தொடங்கியது.

[திரையில்: கிணறு, வாய்க்கால், மழை]

சரி, செபம் என்றால் என்ன? தெரசாவின் பதில் எளிமையானது. நம்மை நேசிக்கிறார் என்று நமக்குத் தெரிந்த ஒருவரோடு அடிக்கடி தனியாக இருந்து, நட்போடு உரையாடுவது. அவ்வளவுதான்.

அந்த நட்பு எப்படி வளர்கிறது என்பதற்குத் தன்வரலாற்றில் ஒரு தோட்டத்தைக் காட்டுகிறார். தோட்டம் கடவுளுடையது. களை பிடுங்கி, செடி நட்டவர் அவர். தண்ணீர் விடுவது மட்டும் நம் வேலை. அதற்கு நான்கு வழி. கிணற்றில் வாளி விட்டு இறைக்கலாம். கை கடுக்கும், கிடைப்பதோ கொஞ்சம். குடங்கள் கட்டிய சக்கரத்தைச் சுழற்றி இறைக்கலாம்; உழைப்பு குறையும், தண்ணீர் கூடும். ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாய்ச்சலாம். கடைசியாக மழை, தோட்டக்காரர் செய்ய ஒன்றுமே இல்லை.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் நேரே மழைக்குத் தாவிவிடுவார்கள். தெரசா கிணற்றடியில்தான் நிதானமாக நிற்கிறார். வாளியை விட்டால் தண்ணீரே வரவில்லை, கையைத் தூக்கவும் முடியவில்லை, மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அப்போது என்ன செய்வது? தோட்டத்தின் சொந்தக்காரரான கடவுளைச் சந்தோஷப்படுத்தத்தானே வந்தாய், உன் திருப்திக்காகவா வந்தாய் என்று கேட்கிறார். நீ வந்து நின்றாய் என்பது அவருக்குத் தெரியும். கிணறு வறண்டிருந்தாலும் செடிகளை அவர் காப்பாற்றிக்கொள்வார். நீ போய்விடாதே. பல ஆண்டு வறட்சியைத் தாண்டியவர் சொல்வதால் இதற்கு ஒரு கனம் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதுவது அன்று ஆபத்தான வேலை. 1559-ல் விசாரணை மன்றம் ஸ்பானிய மொழியிலிருந்த பல பக்தி நூல்களைத் தடை செய்தது. ஒரு பெண், அதிலும் யூத வழி வந்தவர், மௌன செபம் கற்பிக்கிறார் என்றால் சந்தேகம் வராதா? 1575-ல் தன்வரலாற்றின் கையெழுத்துப் பிரதி மன்றத்தின் கைக்குப் போனது. 'அதுதான் கையில் இல்லையே, வேறொன்று எழுதுங்கள்' என்று அவருடைய சபை மேலாளர்களில் ஒருவரான அருட்தந்தை கிராசியான் சொல்ல, 62 வயதில், 1577-ல் இன்னொரு நூல் பிறந்தது.

[திரையில்: ஒளி ஊடுருவும் பளிங்குக் கோட்டை, ஓவியம்]

அதுதான் 'உள்மனக் கோட்டை'. ஆன்மா ஒரு பளிங்குக் கோட்டை, ஏழு உறைவிடங்கள், நடுவில் அரசராகக் கடவுள். உள்ளே நுழையும் கதவு செபம். முதல் உறைவிடத்தில் நம்மோடு பாம்பும் பூச்சியும் சேர்ந்து நுழைந்துவிடுமாம்.

எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பரவசத்தை அவர் அளவுகோலாக வைக்கவில்லை. நோயாளி ஒருவருக்கு உன் உதவி தேவைப்பட்டால், செபத்தில் கிடைக்கும் இன்பம் போனால் போகட்டும் என்று எழுந்து போ என்கிறார். கடவுளை நேசிக்கிறோமா என்று உறுதியாகத் தெரியாது. அயலாரை நேசிக்கிறோமா என்பது தெரிந்துவிடும். ஏழாவது உறைவிடத்தில் ஓய்வு இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கும் வேலைதான்: நற்செய்தியில் இயேசுவுக்காக ஓடியாடி வேலை செய்த மார்த்தாவும், அவர் காலடியில் அமர்ந்து கேட்ட தங்கை மரியாவும் சேர்ந்துதான் ஆண்டவரை உபசரிக்க வேண்டும். சமையலறைக்கு அனுப்பப்பட்டால் வருந்தாதீர்கள், பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று சகோதரிகளுக்கு இன்னொரு நூலில் சொன்னவரும் இவரே.

அவர் சும்மா இருக்கவில்லை. 1562-ல் அவிலாவில் ஊர் எதிர்ப்புக்கு நடுவே, கார்மேல் வாழ்வைப் பழைய எளிமைக்கும் கண்டிப்புக்கும் திருப்பும் முதல் சீர்திருத்த மடம். சாகும்போது 17 மடங்கள். ஆண் துறவிகள் பக்கம் சீர்திருத்தத்துக்குத் துணையாகச் சிலுவை யோவான் என்ற இளம் கார்மேல் துறவியைக் கண்டெடுத்தார். 'ஓயாமல் ஊர் சுற்றும், கீழ்ப்படியாத பெண்' என்று திருத்தந்தையின் தூதர் செகா எரிச்சல்பட்டார். 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுமைக்கும் போதிக்கும் ஆசிரியராக, அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். செகா பார்த்திருக்க வேண்டும்!

இன்னொரு விசித்திரம். அவர் இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு, மறுநாள் அக்டோபர் 15. நாட்காட்டி திருத்தத்தில் நடுவே பத்து நாள் காணாமல் போய்விட்டது. அதனால்தான் திருவிழா 15-ம் தேதி.

படிக்க நினைக்கிறவர்கள் கோட்டையில் தொடங்க வேண்டாம். ஆறாம் உறைவிடத்தில் பலர் களைத்துவிடுவார்கள். முதல் மடத்துச் சகோதரிகளுக்காக எழுதிய 'நிறைவின் வழி'யை எடுங்கள். அதன் பிற்பகுதி முழுக்க 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபத்தை வரி வரியாக விளக்குவதுதான்.