கணக்கு வாங்கியவர் வீட்டில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கொடுக்கல் வாங்கலில் நம்மைக் காப்பது நம்பிக்கையா, பத்திரமா?" என்பது தலைப்பு. நம்பிக்கைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

நிதி நிறுவனத்தில் பணம் போட்டுத் தெருவுக்கு வந்த குடும்பங்களைச் சொல்லி, "நம்பினார்கள், கெட்டார்கள்" என்று முடித்தார் எதிரணி நண்பர். அந்த வலி எனக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படி இருவர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் என்ன இல்லை ஐயா? அச்சடித்த பத்திரம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது. அத்தனையும் இருந்தும் பணம் போனது. முன்பின் தெரியாத ஆளிடம் தாளை நம்பிக் கொடுத்த பணம் அது.

சரி, தெரிந்த ஆளை நம்பிப் பணம் புரளும் இடத்துக்கு வாருங்கள். நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். ஆடி, ஆவணி வந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரமெல்லாம் மொய் விருந்துப் பந்தல்தான். செலவைக் குறைக்க ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே பந்தல் போடுவார்கள். கறிக்குழம்புச் சாப்பாடு. இலையை விட்டு எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய் மொய் எழுதுவோம். அந்தப் பணத்தில் ஒருவர் போர்வெல் போடுவார், இன்னொருவர் மகளைக் காலேஜில் சேர்ப்பார். வட்டி கிடையாது. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் பழைய தொகையைத் திருப்பி, மேலே முடிந்ததைச் சேர்த்து வைப்பார். அந்த மேல்தொகைக்குப் பெயர் புது நடை.

"அதுவும் நோட்டில் எழுதுவதுதானே?" என்று எதிரணி கேட்கலாம். என்ன எழுதியிருக்கிறது அதில்? ஊர், பெயர், தொகை. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. அப்புறம், அந்த நோட்டு யார் வீட்டில் இருக்கிறது? புரோநோட்டைக் கடன் கொடுத்தவர் பீரோவில் வைத்துப் பூட்டுவார். மொய் நோட்டு இருப்பதோ வாங்கியவர் வீட்டில்! தான் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கை அவரே மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துகிறார். கொடுத்தவரும் தன் வீட்டில் குறித்துக்கொள்வார்தான். அதைத் தூக்கிக்கொண்டு யாரும் கோர்ட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் வழக்குப் போடவில்லை, புதுப்பிக்கவும் இல்லை என்றால் காலாவதி. மொய்க்கு அது கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, இருபது முப்பது வருஷத் தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மொய் செய்ய வழியில்லாமல் தவித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். வாசலில் வந்து நின்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "தென்னம்பிள்ளை காய்க்கட்டும் மாப்பிள்ளை, பார்த்துக்கலாம்" என்றார்கள்.

மொய்யை ஏமாற்றியவரே இல்லை என்று சாதிக்க மாட்டேன். உண்டு. அவர் அடுத்த விருந்துக்குப் பத்திரிகை வைத்தால் பந்தல் காலியாகக் கிடக்கும்.

இதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள். போன மாதம் பட்டுக்கோட்டையில் கீரை விற்கும் ஆத்தாவுக்குப் போனில் பணம் அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "போயிருச்சாய்யா?" என்றார். "போயிருச்சு ஆத்தா" என்றேன். கீரைக்கட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான பிறகு அம்மா அந்த மஞ்சள் துணியைப் பிரித்தார். சேந்தன்குடிக்காரர் ஒருவர் பெயரில் 5,000 ரூபாய், திருப்பாமல் நின்றது. விசாரித்தால் அவரும் இறந்திருந்தார். அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரைக் கேட்டறிந்து, அந்த மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் வைத்தோம். அந்த அக்கா பணத்தைக் கையில் வாங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "எங்கப்பா வச்சது எனக்கே தெரியாதே தம்பி" என்றார்.

அவர் வீட்டில் அதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.