மகனின் லொக்கேஷனை மூடிவிட்டேன்!

வணக்கம் பிள்ளைகள். இன்றைக்கு நண்டுக் கறி போடுவதாகச் சொல்லியிருந்தேன். கல்லடியில் நல்ல நண்டும் கிடைத்தது. ஆனால் இதைச் சொல்லிவிட்டுத்தான் குசினிக்குள் போவேன். கூகுள் மேப்பில் மகன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதை நேற்று விட்டுவிட்டேன். சிரிக்க வேண்டாம்!

பழைய வீடியோ பார்த்தவர்களுக்கு என்னைத் தெரியும். மகன் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் ஏறினால் எனக்கு நித்திரை கிடையாது. வட்டத்துக்குள் அவன் முகம் வாழைச்சேனை தாண்டியதா, பொலன்னறுவை வந்ததா என்று பார்த்தபடி இருப்பேன். 2025 பெப்ரவரியில் இதே பாதையில் ஓடும் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி 6 யானைகள் செத்தனவே, அதற்குப் பிறகு இன்னும் மோசம். ஹிங்குராக்கொட தாண்டி போன் சிக்னல் போய்விடும். ரயில் தன்பாட்டில் ஓடும், மேப்பில் முகம் அசையாது. நான் இவரை எழுப்புவேன். எழும்பி அவர் என்ன செய்வார், ரயிலைத் தள்ளுவாரா?

பற்றரிதான் பெரிய கூத்து. அவன் போனில் எத்தனை வீதம் சார்ஜ் இருக்கிறது என்பதையும் அது காட்டும். 20க்குக் கீழே போனால் உடனே கோல் எடுத்து, "மகன், சார்ஜ் போடு" என்பேன். அவன் பேசப் பேச இருந்த சார்ஜும் போகும். "அம்மா, நீங்கள் எடுக்காவிட்டால் விடியும் வரை தாங்கும்" என்றான். கோபம்தான் வந்தது, கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆ, ஒன்று விட்டுவிட்டேன். அவன் லொக்கேஷன் பார்க்கத் தந்தது 1 மணித்தியாலத்துக்கு மட்டும். 'நிறுத்தும் வரை' என்று மாற்றியது நான், அவன் குளிக்கப் போன நேரம்.

கடற்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்து "எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்" என்கிற வீடியோக்கள் எனக்கு அறவே பிடிக்காது. எதை விடுவது, எப்படி விடுவது? அதைச் சொல்லமாட்டார்கள். எலன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975இல் எழுதிய ஆய்வுதான் எனக்கு உறைத்தது. 1 டொலர் லொத்தர் சீட்டைச் சிலர் தாங்களே தெரிந்தெடுத்தார்கள், சிலருக்குக் கையில் கொடுக்கப்பட்டது. திருப்பி விற்க என்ன விலை என்று கேட்டபோது, கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டொலர் கேட்டார்கள், தெரிந்தெடுத்தவர்கள் 8.67 டொலர்! பரிசு விழும் வாய்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். கை பட்டதும் நம் பிடியில் இருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. நானும் போனைப் பிடித்திருந்தால் ரயில் பத்திரமாகப் போகும் என்றல்லவா இருந்தேன்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்டுப் பார்க்கிறேன்: இது தெரிந்தால் நான் என்ன செய்வேன்? ஒன்றும் செய்ய முடியாதென்றால் பார்ப்பதில்லை. காய்ச்சல் என்றால் கேட்பேன், அது வேறு. இறங்கியதும் "வந்துவிட்டேன்" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான் ஒப்பந்தம். நேற்றிரவு நித்திரை வந்ததா என்றால், வரவில்லை. ஆனால் போனை ஹோலில் வைத்துவிட்டுத்தான் புரண்டேன்.

பொறுங்கள், குசினியில் இவர் தேங்காய்ப்பால் பிழிகிறார். முதற்பாலையும் இரண்டாம் பாலையும் ஒரே சட்டியில் ஊற்றப் போகிறார் போல. இது நான் போனால் தடுக்கக்கூடிய விஷயம். போயிட்டு வாறன்.